புதுப்பிப்பு: ஃபெஸ் பூ இனானியா மத்ரஸா, போய்ப் பார்த்தாச்சு

மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகரத்தில் அரைநாள்தான் இருக்கிறது, பூ இனானியா, அத்தாரீன் என்ற இரண்டு மத்ரஸாக்களில் (பழைய இஸ்லாமியக் கல்விக்கூடங்கள்) எதைப் பார்ப்பது, முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இரண்டையுமே பார்த்துவிட்டேன்.

விடுகிறார்கள். டிக்கெட் எடுத்தால் முற்றம் வரை போகலாம், தொழுகைக் கூடத்துக்குள் மட்டும் முடியாது. பூ ஜெலூத் வாசலில் நுழைந்து, "பாலக், பாலக்" என்று கத்திக்கொண்டு வரும் கழுதைக்காரருக்குச் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, தலா கபீரா சந்தில் கொஞ்சம் இறங்கினால் பூ இனானியா. மரீனிய வம்ச சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கீழே கையால் வெட்டி ஒட்டிய சின்னச் சின்ன ஓடுகள், அதற்கு மேல் செதுக்கிய சுதை, உச்சியில் தேவதாரு மரம். மத்ரஸாவுக்கே மினாரா இருப்பது அபூர்வம், இது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடக்கும் பள்ளிவாசலாகவும் இருந்ததால்தான்.

எதிரே ஒரு தண்ணீர்க் கடிகாரம், எப்படி ஓடியது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாதாம்! இப்போது ஓடவில்லை, ஆனாலும் நின்று பாருங்கள்.

அத்தாரீன் 1325-இல் முடிந்தது. சின்னது, ஆனால் எனக்கு அதுதான் பிடித்தது. பக்கத்திலேயே கரவிய்யீன் பள்ளிவாசல், அதை மட்டும் நாங்கள் வாசலில் நின்றுதான் எட்டிப் பார்க்க முடிந்தது.