டம்மி டக் (தொங்குகிற வயிற்றுத் தோலை வெட்டியெடுத்து, விலகிய தசையைத் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

இரட்டையரின் அம்மா:
வயது 38. இரட்டைப் பிள்ளைகள், சிசேரியன். இப்போது அவர்களுக்கு நாலு வயது. எடை பழைய நிலைக்கு வந்து ஒரு வருடமாகிறது, வயிறுதான் வரவில்லை. குனிந்தால் தொப்புளுக்குக் கீழே தோல் காலிப் பை மாதிரி தொங்குகிறது. படுத்துக்கொண்டு தலையைத் தூக்கினால் நடுவயிறு கூம்பாக எழும்புகிறது. தசை விலகியிருக்கிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். எட்டு மாதம் பயிற்சி செய்ததில் முதுகுவலி குறைந்தது, கூம்பு அப்படியே இருக்கிறது. சர்ஜன் ஆபரேஷனைப் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்த பிறகு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு மட்டும் "ரெண்டு வாரத்தில் சரியாயிடும்" என்று முடித்துவிட்டார். நிஜமாகவா?

மூன்று வருடத் தழும்பு:
அந்த ரெண்டு வாரத்தை எனக்கும் சொன்னார்கள். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ரெண்டு, மூன்று வாரத்தில் போகலாம், அதுவரை சரி. பிள்ளையைத் தூக்க எனக்கு ஆறு வாரம் தடை. அதனால் எப்போது சரியாகும் என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். எப்போது குளிக்கலாம், எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது கனம் தூக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நான் தயாராகாமல் மாட்டிக்கொண்டது படுக்கையில். தோலை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் வாரம் நிமிரவே முடியாது, வில்லாக வளைந்துதான் நடக்க வேண்டும். தட்டையான கட்டிலில் படுத்தேன், எழ முடியவில்லை. நடுராத்திரி பாத்ரூம் போக இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மறுநாளே சாய்வு நாற்காலி இரவல் வாங்கி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து ஒன்பது ராத்திரி அதில்தான் தூங்கினேன். தும்மல் வந்தால் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும். அந்த வயிற்றோடு முக்குவது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. மலமிளக்கி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் டிரெயின் குழாய்கள், உள்ளே சேரும் நீரை வெளியே எடுப்பவை. எனக்கு இரண்டு வைத்தார்கள், நுனியில் கைக்குண்டு மாதிரி ஒரு குமிழ். காலையும் மாலையும் அதைக் காலி செய்து எத்தனை மில்லி என்று எழுதி வைக்க வேண்டும். என் கணவர் பெரியவனின் பழைய கணக்கு நோட்டில் எழுதினார். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எடுத்தார்கள், எனக்குப் பதினோராம் நாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் திரும்பிப் படுத்தால் உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி இருந்தது. செரோமா என்றார்கள், தோலுக்கு அடியில் நீர் கோப்பது. ஊசி போட்டு இரண்டு தடவை உறிஞ்சி எடுத்தார்கள். வலிக்கவில்லை, ஏனென்றால் அந்த இடமே மரத்துப் போயிருந்தது.

இந்த மரப்பைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் இருக்கும், எனக்கு உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் இருக்கிறது. அங்கே வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

தழும்பு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை போகும், தொப்புளைச் சுற்றியும் ஒன்று. முதல் சில மாதம் சிவந்து தடித்திருந்தது, வெளிற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சிசேரியன் தழும்பு வெட்டிய தோலோடு போய்விட்டது. பிரசவ வரிகளில் தொப்புளுக்குக் கீழே இருந்தவை போயின. மேலே இருந்தவை கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டன. வீக்கத்தால் காலையில் ஏறிய பேன்ட் சாயங்காலம் ஏறாத கதை நாலு மாதம் ஓடியது.

வருத்தமா என்றால் இல்லை. கூம்பு போய்விட்டது. நாற்காலியை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்திருப்பேன்.

வார்டு நர்ஸ்:
மேலே உள்ள அக்கா சொன்னதெல்லாம் சரி. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகும் நாலு வாரம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், தையல் ஓரத்துத் தோல் ரத்தமில்லாமல் கறுத்துச் செத்துப்போகும். பார்த்திருக்கிறேன். சர்ஜனிடம் இதை மறைப்பவர்கள் நிறைய.

இன்னொன்று, காலில் ரத்தம் உறைவது. கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், மூலிகை மாத்திரை எது எடுத்தாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வளைந்தபடியாவது முதல் நாளிலிருந்தே நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

செய்யாமல் திரும்பியவன்:
ஆண்களும் போகிறோம். என்னைப் படுக்கவைத்து வயிற்றைக் கிள்ளிப் பார்த்தார் சர்ஜன், கையில் ஒன்றும் பெரிதாக வரவில்லை. "உங்கள் கொழுப்பு தசைக்கு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. என் கத்தி அங்கே போகாது" என்று அனுப்பிவிட்டார். கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற லிபோசக்ஷனும் அதை எடுக்காதாம். நல்ல மனிதர், பீஸும் வாங்கவில்லை.

இரட்டையரின் அம்மா:
அக்கா, நன்றி. ஆறு வாரம் தூக்கக் கூடாதென்றால் இந்த இரண்டையும் என்ன செய்வது? கூப்பிட்டதும் மேலே பாய்வார்கள்.

மூன்று வருடத் தழும்பு:
என் சின்னவளுக்கு அப்போது மூன்று. ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பே, நான் உட்கார்ந்த பிறகு அவளாக மடியில் ஏறப் பழக்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் ரெண்டு வாரம் மடியும் கிடையாது, பக்கத்தில்தான். ராத்திரிக்கு மட்டும் இன்னொரு பெரியவர் வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். அந்தப் பெரியவரின் விடுமுறை தேதி தெரிந்த பிறகு ஆபரேஷன் தேதியைக் குறியுங்கள். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் இப்போது வேண்டாம், தைத்த தசை மறுபடி விலகும்.

இரட்டையரின் அம்மா:
ஐயோ, அந்த யோசனையே இல்லை! நாற்காலி தேடப் போகிறேன்.