13 வயசுப் பொண்ணு, வீடு முழுக்க ஓட்டக்காரங்க: 10 கி.மீ. ரோடு ரேஸ் இப்பவே ஓட விடலாமா?

பாலக்கோடு_பி.டி:

எட்டாம் வகுப்பு மாணவி. வயது 13 வருஷம் 2 மாசம். அப்பா ராணுவ அணிக்கு 10,000 மீட்டர் ஓடியவர். சித்தப்பா இன்னும் தேசிய கிராஸ் கன்ட்ரி ஓடுகிறார். அத்தை 3000 மீட்டரில் மாநிலப் பதக்கம் வாங்கியவர். மண் ட்ராக்கில் ஸ்டாப்வாட்ச் டைமிங்: 600 மீ. 1:47, 800 மீ. 2:31, 1500 மீ. 5:20. அந்த 1500-ல் 400 மீட்டர் லேப் கணக்கு 79, 87, 90, கடைசி 300 மீட்டர் 64 விநாடி.

வாரத்தில் ஐந்து நாள் காலையில் அப்பாவுடைய குழுவோடு தார் ரோட்டில் 7-8 கி.மீ. ஓடுகிறாள். ஞாயிறு என்றால் ஓசூர் இல்லாவிட்டால் பெங்களூரில் பரிசுப் பணம் உள்ள 5 கி.மீ. அல்லது 10 கி.மீ. கூட்டிப் பார்த்தால் வாரம் 45 கி.மீ. வருகிறது. ஜூனில் 143.5 செ.மீ. இருந்தவள் டிசம்பரில் 148, எடை 36 கிலோ. இப்போது ஓடி முடித்ததும் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்கிறாள்.

வீட்டில் மூன்று திட்டம் ஓடுகிறது: நார்வே முறையில் ஒரே நாளில் இரண்டு வேளை த்ரெஷோல்டு (மூச்சு முட்டுவதற்குச் சற்று முன்பான வேகத்தில் ஓடுவது), பெங்களூர் லேபில் ஜீன் டெஸ்ட், அடுத்த வருஷம் விளையாட்டு விடுதி. எது சரி, எது வேண்டாம்?

கெண்டைக்கால்:

சார், குதிகாலை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆறு மாதத்தில் 4.5 செ.மீ. என்றால் வருஷத்துக்கு 9 செ.மீ. வேகம். பெண் பிள்ளைகளுக்கு வளர்த்தி உச்சம் பொதுவாக 12 வயதை ஒட்டி வரும், இவள் கொஞ்சம் பிந்தி அதில் நிற்கிறாள். எலும்பு நீளும் வேகத்துக்குச் சதையும் நாணும் நீளாது. கெண்டைச்சதை குதிநாண் வழியாகக் குதிகால் எலும்பின் பின்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டை ஒவ்வொரு அடியிலும் இழுக்கும். அந்தத் தட்டு இன்னும் இறுகவில்லை. இதைத்தான் டாக்டர்கள் சீவர்ஸ் என்பார்கள். குதிகாலின் பின்பாகத்தை இரண்டு பக்கமும் சேர்த்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அப்போது சுருக்கென்று வலித்தால் பெரும்பாலும் அதுதான். எக்ஸ்ரே எடுத்தாலும் பெரிதாக எதுவும் தெரியாது, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்யத்தான் உதவும்.

அழுத்தினால் வலிக்கிற வரை ரேஸ் கிடையாது, ஸ்பைக்ஸ் (ஆணி ஷூ) கிடையாது, தார் ரோடு கிடையாது. இரண்டு ஷூவிலும் குதிகாலுக்கு அடியில் 6 முதல் 10 மி.மீ. பேட் வையுங்கள். வலிக்கிற காலுக்கு மட்டும் வைத்தால் இடுப்பு சாயும். சைக்கிள், நீச்சல் தாராளமாகச் செய்யலாம். பெரியவர்களுக்குச் சொல்லும் படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை இறக்கும் பயிற்சியை இப்போது கொடுக்காதீர்கள், அது அந்த இழுப்பையே கூட்டும்.

வேறு மாதிரி வலியும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னங்கால் எலும்பில் ஒரே ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறாளா, ஒற்றைக்காலில் குதித்தால் வலிக்கிறதா, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா? அப்படியென்றால் எலும்புக் கீறலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பிடிபடாது. அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், காலையில் நின்ற உயரமும் உட்கார்ந்த உயரமும் எழுதி வையுங்கள். ஒரே ஸ்டூல், ஒரே சுவர். மாதத்துக்கு 0.6 செ.மீ.க்கு மேல் ஏறும் மாதங்களில் கிலோமீட்டரை மூன்றில் ஒரு பங்காவது வெட்டுங்கள். அந்தச் சமயத்தில் டைமிங் நின்றுபோகும், சிலருக்குப் பின்னுக்கும் போகும். கால் நீளமாகிறது, ஓட்ட நடை கலைகிறது, அவ்வளவுதான். 'சோம்பல் வந்துடுச்சு' என்று வீட்டில் பயிற்சியைக் கூட்டுவார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது.

வலி போனபின் வாரம் நான்கு நாள் ஓட்டம், மொத்தம் 20 கி.மீ. போதும். ஒரு நாள் 10 நிமிடம் மெதுவோட்டம், ஏ-ஸ்கிப், பி-ஸ்கிப் என்ற துள்ளல் பயிற்சிகள், முழங்கால் உயர்த்தல், பிறகு 60 மீட்டர் ஸ்ட்ரைடு (முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவாக நீட்டி ஓடுவது) ஆறு, நடந்து திரும்ப வேண்டும். இன்னொரு நாள் 200 மீட்டர் எட்டு, இடையில் 200 மீட்டர் ஜாகிங். அவளுடைய 5:20-க்கு ஒரு 200 என்பது 42 முதல் 43 விநாடி. 39-ல் வந்தால் பாராட்டாதீர்கள், திரும்ப 43-ல் ஓடச் சொல்லுங்கள். உங்கள் லேப் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது: சமமாக ஓடினால் லேப் 85 வரவேண்டும். முதல் லேப்பை 79-ல் போட்டு நடு 800-ஐ இழந்திருக்கிறாள். பெரியவர்களோடு ஓடிப் பழகியதால் வரும் பழக்கம் இது, தொடக்கத்திலேயே அவர்கள் வேகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்வாள். மூன்றாம் நாள் ஏற்றத்தில் 10 விநாடி வேக ஓட்டம் ஆறு, திரும்பி நடை. நான்காம் நாள் ஏரிக்கரை மண்ணில் 25-30 நிமிடம், வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓடும் வேகம். மீதி நாளில் கோ-கோ, கயிறு தாண்டல், எதுவானாலும் சரி. ஒழுங்குபடுத்திய பயிற்சி எல்லாம் சேர்த்து வாரத்துக்கு வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பிள்ளைகளுக்கான பொதுக் கணக்கு. அதற்குள் பி.டி. வகுப்பும் அடக்கம்.

மத்திகிரி_மைல்:

நார்வே விஷயத்துக்கு வருகிறேன். இங்கெப்ரிக்ட்சன் சகோதரர்கள் ஹென்ரிக், ஃபிலிப், யாக்கோப் மூவரும் ஐரோப்பிய 1500 மீட்டர் சாம்பியன்கள். கடைசித் தம்பி யாக்கோப் 2017-ல் 16 வயதில் மைலை 4 நிமிடத்துக்குள் ஓடினார், 2018 பெர்லினில் 17 வயதில் 1500, 5000 இரண்டிலும் ஐரோப்பியத் தங்கம், டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 தங்கம் 3:28.32, பாரிஸில் 5000 தங்கம். இந்த வரிசையைப் பார்த்துத்தான் எல்லா அப்பாவும் மயங்குகிறார்கள்.

இரட்டை த்ரெஷோல்டு என்பது விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கடுமையாக ஓடும்போது ஏறுகிற லாக்டேட் அளவைப் பார்த்து, 2-3 மில்லிமோல் அளவிலேயே வேகத்தைக் கட்டிப்போடுகிற முறை. வேகமாக ஓட வைப்பதற்கு அல்ல, வேகத்தை அடக்கி வைப்பதற்குத்தான் அந்த மீட்டர். மீட்டர் இல்லாமல் 'நார்வே ஒர்க்அவுட்' என்று சொல்லி வாரம் நான்கு ரேஸ் ஓட வைப்பதுதான் இங்கே நடக்கிறது. அதுபோக, பிள்ளைகளுக்கு லாக்டேட் சுரப்பே பெரியவர்களைவிடக் குறைவு, அந்த எண்களை அப்படியே இறக்க முடியாது. வாரம் 150 கி.மீ.க்கு மேல் தாங்கும் உடம்புக்கு எழுதிய முறையை 36 கிலோ பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

அந்தக் குடும்பத்தின் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். அப்பாவே கோச். 2022-ல் மகன்கள் அவரை விட்டு விலகினார்கள், 2023-ல் அப்பா வன்முறையாக நடந்தார் என்று பகிரங்கமாகப் பேசினார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது.

எத்தியோப்பியாவில் திபாபா சகோதரிகள் வீடு இன்னும் நல்ல உதாரணம். எஜெகாயெஹு 2004 ஏதென்ஸில் 10,000 மீட்டர் வெள்ளி. தங்கை திருநெஷ் 2003 பாரிஸில் 18 வயதில் 5000 உலக சாம்பியன். அவருக்கும் தங்கை கென்செபே 2015 மொனாக்கோவில் 1500-ல் 3:50.07, அப்போது உலக சாதனை. 1992 பார்சிலோனாவில் தங்கம் வாங்கிய தெரார்த்து துலு இவர்களுடைய உறவுக்காரர். ரத்தம் ஒன்றுதான், ஆனால் அவர்கள் வளர்ந்த பெக்கோஜி வட்டாரம் சுமார் 2,800 மீட்டர் உயரம், அங்கே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தவர் செண்டயெஹு எஷெத்து என்ற பள்ளி உடற்கல்வி ஆசிரியர். உறவே இல்லாத ஒலிம்பிக் சாம்பியன் கெனெனிசா பெகேலேயும் அதே ஊர், அதே வாத்தியார். எவ்வளவு ரத்தம், எவ்வளவு மண், எவ்வளவு வாத்தியார் என்று பிரிக்கவே முடியாது.

ஜீன் டெஸ்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். திறமை கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் உதவாது என்று 2015-லேயே விளையாட்டு மரபியல் ஆய்வாளர்கள் கூட்டறிக்கை விட்டார்கள். பயிற்சி கொடுத்தால் ஆக்சிஜன் கொள்ளளவு எவ்வளவு ஏறும் என்பதில் ஏறக்குறைய பாதி குடும்ப வழி என்று, குடும்பங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஹெரிடேஜ் ஆய்வு காட்டியது உண்மை. அந்தப் பாதியை இரண்டு மூன்று ஜீனைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அவளுடைய 600 மீட்டர் டைமிங் அதைவிட அதிகம் சொல்கிறது.

இன்னொன்று, உயரமான இடத்தில் ஓடினால் ரத்தம் ஊறும் என்று நம்பி 'ஓசூர் உயரம்' என்று சிலர் அழைத்து வருகிறார்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர்தான், ரத்தத்தில் எதுவும் மாறாது. ஊட்டி மாதிரி 2,200 தாண்டினால்தான் பேச்சு, அதுவும் இந்த வயதுக்குத் தேவையில்லை. கோடையில் குளிர்ச்சி கிடைக்கும், அது மட்டும் லாபம். தளி, அஞ்செட்டி பக்கம் மண் ரோடு அருமையாக இருக்கும், ஆனால் வெளிச்சம் வருவதற்கு முன் ஓடாதீர்கள், யானை நடமாட்டம் உண்டு.

நீலமாத்திரை:

யாருமே ரத்தத்தைப் பற்றிக் கேட்கலையே! ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்க. இந்த வயசுப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ போனா ரத்தசோகை. அது 12.5 இருந்தும் ஃபெரிட்டின் 15-க்குக் கீழ இருந்தா இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம், ஓட்டத்துல மூணாவது லேப்லயே கால் கனக்கும். ஓடுற பிள்ளைக்கு 30-க்கு மேல இருக்கறது நல்லது. சளி, காய்ச்சல் இருக்கும்போது எடுத்தா ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும்.

பள்ளியில வாரம் ஒண்ணு கொடுக்கிற நீல மாத்திரை 60 மில்லிகிராம் இரும்பு. அதைச் சாப்பாட்டுக்குப் பின்னாடி போடச் சொல்லுங்க, வயிறு புரட்டுதுன்னு பாதிப் பிள்ளைங்க ஜன்னல் வழியா வீசிடுதுங்க. பிப்ரவரி, ஆகஸ்ட் குடற்புழு மாத்திரையையும் விடாதீங்க, வெறுங்கால்ல மண்ணுல ஓடுற பிள்ளைக்குக் கொக்கிப்புழு சுலபமா ஏறும்.

கேழ்வரகுக் களி நல்லதுதான், 100 கிராம் ராகியில கால்சியம் 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு. ஆனா இரும்புக்கு அது மட்டும் பத்தாது. கீரை, முட்டை, வாரம் ரெண்டு நாள் கறியோ ஈரலோ, கூடவே நெல்லிக்காய் இல்லன்னா எலுமிச்சை. சாப்பிட்ட உடனே டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டும்.

தண்ணியையும் கேளுங்க. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணியில ஃபுளோரைடு பல இடத்துல அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதுக்காகத்தான் வந்துச்சு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டின தண்ணியைக் குடிக்கக் கூடாது. பல்லுல வெள்ளையா, பழுப்பா திட்டு இருக்கா பாருங்க. ஓட்டக்காரப் பிள்ளை மத்தவங்களைவிட அதிகமா தண்ணி குடிக்குது, அதனால உள்ள போறதும் அதிகம். காய்ச்சினா போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். குடிக்க, சமைக்க ரெண்டுக்கும் ஒகேனக்கல் தண்ணி.

மாதவிடாய் ஆரம்பிச்சாச்சான்னு ஒரு டீச்சரை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. 15 முடிஞ்சும் வரலன்னாலோ, வந்து அப்புறம் மூணு மாசம் நின்னாலோ டாக்டர்கிட்ட போகணும். 'ஓடுற பொண்ணுக்கு அப்படித்தான்'னு விடறது தப்பு. சாப்பாடு பத்தலன்னு உடம்பு சொல்லுது.

லாங்ரன்_சாமி:

இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் சாம்பியன் வருமா? கென்யா பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே ஓடித்தான் போகின்றன. எங்கள் பக்கம் 10 கி.மீ. எல்லாம் ஒரு தூரமா?

கெண்டைக்கால்:

அண்ணே, பள்ளிக்கு ஓடுவது மண்ணில், தன் இஷ்ட வேகத்தில், வேண்டும்போது நடந்து. நெஞ்சில் நம்பர் குத்தி, தார் ரோட்டில், ஆயிரம் ரூபாய் கவருக்காக முக்கால் மணி நேரம் முக்கி ஓடுவது வேறு. 2006-ல் ஒடிசாவில் நான்கு வயதுப் பையனை 65 கி.மீ. ஓட வைத்துக் கொண்டாடினார்கள், பெரிய ஓட்டக்காரராக அவர் வரவில்லை. உலகப் போட்டிகளில் 20 வயதுக்குட்பட்டவர்களை மாரத்தானில் சேர்ப்பதே இல்லை.

ஃபார்ம்_டூ:

காகித விஷயம், சுருக்கமாக. 14 வயதுக்குட்பட்ட பிரிவில் பள்ளிப் போட்டிகளில் 600 மீட்டர்தான் மிக நீளமான ஓட்டம். தேசிய மாவட்டங்களுக்கிடையேயான போட்டியில் அந்த வயதுக்கு டிரையத்லான் என்ற மூன்று போட்டித் தொகுப்பு; அதில் 60 மீட்டர், நீளம் தாண்டுதல், 600 மீட்டர் சேர்ந்த பிரிவு இவளுக்குப் பொருந்தும். ஆக, வேகமும் தாண்டலும் இல்லாமல் வெறும் 10 கி.மீ. பயிற்சி அங்கே உதவாது. ரோடு ரேஸ் மெடல் எத்தனை வாங்கினாலும் வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுச் சான்றிதழாகாது. அங்கீகரிக்கப்பட்ட சங்கம், பள்ளிப் போட்டி இவைதான் கணக்கு.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். விடுதித் தேர்வு அறிவிப்பு மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் வரும், குதிகால் வலியோடு தேர்வுக்கு நிறுத்தாதீர்கள். சித்தப்பாவின் சப்ளிமென்ட் டப்பா எதுவும் இவள் கைக்குப் போகக் கூடாது. ஊக்கமருந்துச் சோதனைக்கு வயது வரம்பு இல்லை.

பாலக்கோடு_பி.டி:

எல்லாருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், இரண்டு பக்கமும் வலிக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? 'நான் ஓடாத ஓட்டமா' என்பார்.

கெண்டைக்கால்:

நிறுத்தச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். 200 மீட்டர் நாளில் ஸ்டாப்வாட்ச் அவர் கையில், 43 விநாடிக்கு முன்னால் வந்தால் திருப்பி அனுப்புவது அவர் பொறுப்பு. உயர நோட்டும் அவரே எழுதட்டும், ஏறுகிற கோட்டைக் கண்ணால் பார்த்தால் வாக்குவாதம் பாதி குறையும். ஞாயிறு ரேஸுக்குப் பதிலாக ஆறு வாரத்துக்கு ஒரு 600 மீட்டர் டைம் ட்ரையல் வையுங்கள், அவருக்கும் எதிர்பார்க்க ஏதாவது வேண்டும். அவருடைய பழைய ஸ்பைக்ஸை முனையில் துணி திணித்து இவளுக்குப் போட்டு விடுகிறார்களா என்றும் பாருங்கள். கட்டைவிரலுக்கு முன் அரை விரல் இடம் மட்டும் இருக்கிற அளவில் புதிது வாங்கச் சொல்லுங்கள். மண் ட்ராக்குக்கு 9 மி.மீ. ஆணி, பெங்களூர் கண்டீரவா மாதிரி சிந்தெடிக் என்றால் 6. கார்பன் தகடு வைத்த ஷூ இப்போதைக்கு வேண்டாம்.