என்கே கலத்துக்கு ஏன் பிரேக்? கழட்டிவிட்டா என்ன?

பரந்தன்_பொடியன்:
மாரி தொடங்கினோன்ன எங்கட வீட்டில டெங்கு, மச்சாள் வார்ட்டில, மாமி பப்பாசிக் குருத்து இடிச்சுப் போத்திலில அடைச்சுக்கொண்டு ஓடுறா. என்ர கேள்வி வேற. ஏஎல் பயோவில இயற்கைக் கொல்லிக் கலம் எண்டு படிச்சம்தானே, வைரஸ் பூந்த கலத்தை ஓட்டை போட்டுக் கொல்லுறது, அதான் என்கே. ரத்தத்தில நிணநீர்க்கலம் நூறு எண்டா அது 5–15 தான், அதுக்கும் உடம்பு பிரேக் போட்டு வைச்சிருக்கு. பிரேக்கைக் கழட்டுறதுதான் மருந்து எண்டுறன்.

மாங்குளத்தான்:
தம்பி கழட்டினா உம்மட சொந்தக் கலத்தையெல்லோ முதல் திண்ணும். ஓமந்தைச் சோதனைச்சாவடியில ஐசி, அதான் அடையாள அட்டை, காட்டினது ஞாபகமோ? ஒவ்வொரு கலமும் எம்எச்சி எண்ட புரதத்தை வெளியில பிடிச்சுக்கொண்டு நிக்குது, அதுதான் ஐசி, அதைக் கண்டா என்கே சுடாது, அதான் நீர் சொல்லுற பிரேக். டி கலம் எண்ட மற்ற நோயெதிர்ப்புப் படையின்ர கண்ணில படாமல் இருக்கக் கன வைரஸ் ஐசியைக் கிழிச்செறியும், அப்பதான் என்கேயிட்ட மாட்டுப்படும். 1986 இல சுவீடன்காரர் கிளாஸ் கேரே ஆக்கள் இதைப் புற்றுநோய்க் கலத்தில காட்டினவை.

பரந்தன்_பொடியன்:
அண்ணை சிவப்புக் கலத்தில ஐசி இல்லாத மாதிரித்தானே, அதை ஏன் விட்டுவைச்சிருக்கு?

லாப்_அக்கா:
நல்லாக் கேட்டீங்கள். ஐசி இல்லாதது மட்டும் காணாது. கலத்துக்கு ஏதும் கரைச்சல் எண்டா மைக்கா மாதிரிப் புரதத்தை ஆபத்துக் கொடியா வெளியில ஏத்தும், என்கேயில இருக்கிற என்கேஜி2டி ஏற்பி அதைப் பிடிக்கும், ரெண்டையும் தராசில போட்டுத்தான் அடி. சிவப்புக் கலத்தில கொடியும் இல்லை. சைட்டோமெகலோ வைரஸ் இருக்கே, சரியான கள்ளன், யூஎல்16 எண்ட தன்ர புரதத்தால கொடி கொஞ்சத்தை உள்ளுக்கையே மறிச்சு வைக்கும், யூஎல்18 எண்டு கள்ள ஐசியும் அடிச்சு வைச்சிருக்கு. டெங்கு எதிர்மாறு, ஐசியைக் கூட்டிக் காட்டும்.

பரந்தன்_பொடியன்:
பாத்தீங்களோ, அப்ப நான் சொன்னதுதானே சரி! கூடின ஐசியைக் காட்டி ஏய்க்குது எண்டா பிரேக்கைக் கழட்டத்தானே வேணும்? என்கே இல்லாத பிள்ளை ஒண்டுக்கு ஹெர்பீஸ் வகை வைரஸெல்லாம் மாறிமாறி மோசமா வந்ததெண்டு 1989 இலயே எழுதியிருக்கினம்.

மாங்குளத்தான்:
இல்லாட்டிப் பிழை எண்டதுக்காக கூடினா நல்லம் எண்டு ஆர் சொன்னது? 2012 இல எலிக்கு எல்சிஎம்வி எண்ட வைரஸைக் குடுத்துப் பாத்தவை. நடுத்தர அளவு வைரஸ் எண்டா என்கே போய் மற்ற டி கலத்துக்குத் துணைநிக்கிற உதவி டி கலத்தைக் கொண்டுபோட்டுது, வைரஸ் போகாமல் தங்கிட்டுது, என்கேயை எடுத்துவிட்ட எலிதான் சுகப்பட்டது. அளவைக் கூட்டினா கதை தலைகீழ், என்கே இல்லாத எலி டி கலத்தின்ர வெறியாட்டிலயே செத்துது. அதே என்கேதான் தம்பி ரெண்டு இடத்திலயும்.

லாப்_அக்கா:
அது கிடக்கட்டும், மச்சாளுக்குக் காய்ச்சல் விட்டிட்டுதோ?

பரந்தன்_பொடியன்:
ஓம் அக்கா, அஞ்சாம் நாள், விடிய விட்டிட்டுது. துண்டு வெட்டிக் கூட்டிவருவம் எண்டு மாமி நிக்கிறா.

லாப்_அக்கா:
ஐயோ விடாதேங்கோ. டெங்கில வைரஸ் குறைஞ்சு காய்ச்சல் விடுற நேரத்திலதான் ரத்தக்குழாயால நீர் கசியிறது, 24–48 மணித்தியாலம் கவனம். சலம் எவ்வளவு போகுதெண்டு அளந்து எழுதச் சொல்லுங்கோ.

பரந்தன்_பொடியன்:
மாமிக்குக் கோல் எடுக்கிறன். பிரேக் கதையை வந்து கதைக்கிறன், நான் இன்னும் விடேல்ல அண்ணை.