மூடி கோணலா, கேமரா கோணலா?

(பொருள்களில் குறை தேடும் ஆலைக் கேமராக்கள் பற்றி, தென்னாப்பிரிக்க ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள்)

பீனிக்ஸ், டர்பன்

ஆலைக் கேமராக்களோடு பட்ட பாட்டை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது மாங்காய் அச்சார் பாட்டில். கன்வேயரில் வரும் ஒவ்வொரு பாட்டிலையும் பக்கவாட்டில் படம் பிடித்து, மூடி நேராக இருக்கிறதா, அதன் விளிம்பில் தேதி அச்சாகியிருக்கிறதா என்று மென்பொருள் பார்க்கும். மூடியோ தங்க நிறத் தகரம். விளக்கொளி பட்ட இடம் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. ஒளியைக் குறைத்தால் தேதி இருட்டில் கரைந்துவிடும்.

"டைனமிக் ரேஞ்ச் போதவில்லை" என்றார் கேமரா விற்றவர். பளிச்சென்றதையும் இருண்டதையும் ஒரே படத்தில் காட்டும் திறன்தான் அது. ஒரு பிக்சல் நிரம்பி வழியும் முன் தாங்கும், ஒளியால் உண்டாகும் எலக்ட்ரான்களை, இருட்டிலும் அது எழுப்பும் இரைச்சலால் வகுத்தால் வரும் விகிதம் அது. கொள்ளளவு 10,000 எலக்ட்ரான், இரைச்சல் 2.5 என்றால் 4000 மடங்கு, விகிதங்களைச் சொல்லும் டெசிபெல் அளவில் 72. அந்த எண்ணில் மயங்கி வாங்கிவிட்டோம்.

பளபளப்பு கொஞ்சம் அடங்கியது. ஆனால் புது வியாதி ஒன்று வந்தது. காலையில் எல்லா பாட்டிலும் தேறும். பிற்பகலில் நல்ல மூடிகளையெல்லாம் கோணல் என்று வெளியே தள்ளும். வெயிலோ என்று ஜன்னலுக்குத் திரை கட்டினோம். மூடி போடும் இயந்திரத்தைப் பிரித்து மாட்டினோம். தள்ளப்பட்ட பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூடி கச்சிதமாக உட்கார்ந்திருக்கும்.

பிற்பகலில்தான் கன்வேயரை வேகமாக ஓட்டுகிறார்கள் என்பது உறைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. எங்களுடையது ரோலிங் ஷட்டர் கேமரா. சென்சாரின் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட 10 மைக்ரோ நொடி தாமதமாக ஒளி வாங்கும். 1000 வரிசைக்கு 10 மில்லி நொடி. பெல்ட் நொடிக்கு அரை மீட்டர் ஓடினால் அதற்குள் பாட்டில் 5 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு அது ஏறக்குறைய 2 டிகிரிச் சாய்வு. மூடியின் மேல்விளிம்பு சில வரிசைகளுக்குள் அடங்கிவிடுவதால் நேராகவே பதிவாகும். பாட்டிலின் நடுக்கோட்டோடு மூடியை ஒப்பிடும் மென்பொருளுக்கு மூடிதான் குற்றவாளி. நாங்கள் வைத்திருந்த எல்லை ஒன்றரை டிகிரி.

சந்தேகம் தீர, கேமராவைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தேன். பாட்டில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது! அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எல்லா வரிசையும் ஒரே கணத்தில் ஒளி வாங்கும் குளோபல் ஷட்டர் கேமராவுக்கு மாறினோம். விவரத்தாளில் அதன் டெசிபெல் பழையதைவிடக் குறைவுதான். பளபளப்பைத் தீர்த்ததும் கேமரா இல்லை, ஒளியை எல்லாப் பக்கமும் பரப்பும் குவிமாட விளக்கு.

போர்ட் எலிசபெத் (இப்போது கெபெர்ஹா)

அண்ணா, டெசிபெல்லை அப்படித் தள்ளிவிடாதீர்கள். நாங்கள் மோட்டார் உதிரிபாக ஆலை. கரிய ரப்பர் குழாய், அதன்மேல் மின்னும் எஃகு வளையம். இரண்டிலும் கீறல் தேட வேண்டும். அங்கே டைனமிக் ரேஞ்ச் இல்லாமல் ஒன்றும் நடக்காது. எங்கள் முட்டாள்தனம் வேறு. சென்சார் 12 பிட் தர வல்லது; யாரோ அமைப்பில் 8 பிட் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒளியின் அளவைப் பிரித்துக் காட்ட 4096 படிகள் வர வேண்டிய இடத்தில் 256. ரப்பரின் கீறல்கள் எல்லாம் அடிமட்டத்து மூன்று நான்கு படிகளுக்குள் நசுங்கிக் கிடந்தன. ஓர் ஆண்டு அப்படியே ஓட்டியிருக்கிறோம்.

பிறகு சென்சார் ஒளி வாங்கும் நேரத்தைக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று எனப் படம் எடுத்து இணைத்துப் பார்த்தோம். ஓடும் பொருளுக்கு அது ஆகாது, வளையம் இரண்டாகத் தெரியும். எங்கள் மேசை நின்று நின்று நகர்வது என்பதால் பிழைத்தோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உங்களுக்கெல்லாம் வயது குறைவு. நான் தொடங்கியபோது PAL என்ற பழைய தொலைக்காட்சி முறையில் இயங்கும் அனலாக் கேமராதான். ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் 20 மில்லி நொடி கழித்து. ஓடும் பொருளின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். பாதிக் கோடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்து அளப்போம்.

இப்போது தோல் சுருளுக்கு லைன் ஸ்கேன் கேமரா. ஒரே வரிசைப் பிக்சல். தோல் நகர நகரக் கோடு கோடாகப் படம் சேரும். நொடிக்கு 5000 கோடு. முதல் நாள் படத்தில் சரியாக 50 கோட்டுக்கு ஒரு கரும்பட்டை. தோலில் நோய் என்றே நினைத்தார்கள். மேலே பழைய குழல் விளக்குகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவை நொடிக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 5000-ஐ 100-ஆல் வகுத்துப் பாருங்கள். மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் ஓடியபோது பட்டையின் இடைவெளி மாறியது, அதனால்தான் கண்டுபிடித்தேன். வாழ்நாளில் மின்வெட்டுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.

இன்னொன்று. கோடு எடுக்கும் கட்டளையைக் கடிகாரத்திலிருந்து கொடுக்காதீர்கள், உருளையில் அதன் சுழற்சியை அளக்கும் என்கோடர் மாட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் சுருள் மெதுவாகக் கிளம்பும்போது ஊசித்துளைகூட நீண்டு வெட்டுக்காயம் போலத் தெரியும்.

சாட்ஸ்வொர்த்

எனக்கு ஆலை அனுபவம் இல்லை. பெரிய வெள்ளியன்று தீமிதியைக் கைப்பேசியில் எடுத்தேன். தணலும் தெரிய வேண்டும், இருட்டில் நிற்கும் கூட்டமும் தெரிய வேண்டும் என்று, பல படங்களை இணைத்து ஒன்றாக்கும் எச்.டி.ஆர். வைத்தேன். என் மாமாவுக்கு நான்கு கால். வளையம் இரண்டாகத் தெரிந்த கதையைப் படித்ததும்தான் காரணம் புரிந்தது. படத்தை மாமாவிடம் இன்னும் காட்டவில்லை.

அது சரி, பீனிக்ஸ் அண்ணா, தள்ளிய பாட்டில்கள் என்ன ஆயின?

பீனிக்ஸ், டர்பன்

விற்கக் கூடாது என்றார்கள். ஆளுக்கொரு பெட்டியாக வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள். என் வீட்டில் இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது. மூடிதான் சற்று இறுக்கம்.