எடுக்காத கடன் சிபில்ல காட்டுது, அவசர உதவி

பீளமேட்டான்: வண்டி லோனுக்குப் போனேன், ரிஜெக்ட். சிபில்ல (நம்ம கடன் விவரத்தைப் பதிஞ்சு வைக்கிற நிறுவனம்) ஏற்கனவே என் பேர்ல ஒரு பர்சனல் லோன் ஓவர்டியூல, அதாவது கட்டாம பாக்கியில இருக்காம், ரூ. 18,400. நான் எடுக்கவே இல்ல. யாரோ ஆதார் வெச்சு எடுத்திருக்காங்க. எப்படி நீக்குறது? சீக்கிரம் சொல்லுங்க.

நெல்லைக் கணக்கர்: ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்த்தீங்களா, இல்ல ஷோரூம்ல வாயால சொன்னாங்களா? கடன் தொடங்கின தேதி என்ன? ரிப்போர்ட்ல உங்க முகவரி, போன் நம்பர் இருக்கிற பகுதியில தெரியாத நம்பர் ஏதாவது இருக்கா? இது தெரியாம எதுவும் சொல்ல முடியாது.

ரேகைப்பூட்டு: முதல்ல கைரேகையைப் பூட்டுங்க. மை ஆதார் தளத்துல, இல்லன்னா எம்ஆதார் ஆப்ல ‘பயோமெட்ரிக் லாக்’. தேவைப்படுறப்ப 10 நிமிஷம் மட்டும் திறந்துக்கலாம். பத்திரத்துல இருக்கிற ரேகையை சிலிக்கான்ல அச்செடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் இருக்கு.

மூத்த உறுப்பினர்: கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் எழுதுங்க தம்பி. ரேகைப் பூட்டு நல்லதுதான், ஆனா அது ஏஇபிஎஸ்ல (ஆதார் எண்ணும் ரேகையும் வெச்சுப் பணம் எடுக்கிற முறை) அக்கவுண்ட்டிலிருந்து பணம் எடுக்கிறதைத் தடுக்கும், ரேகை வெச்சு சிம் வாங்குறதைத் தடுக்கும். மொபைல் ஆப்ல கொடுக்கிற கடனுக்கு ரேகை கேட்கவே மாட்டாங்க. பான் நம்பர், பேர், பிறந்த தேதி, ஒரு செல்ஃபி, ஓடிபி, அவ்வளவுதான். இந்த அடிப்படையைப் பலமுறை எழுதியாச்சு.

ரேகைப்பூட்டு: ஆதார்லதான் எடுத்திருக்காங்கன்னு அவரே சொல்றாரே ஐயா.

மூத்த உறுப்பினர்: அது அவர் ஊகம். ஆதார் ஓடிபி வெச்சு எடுத்திருந்தா ஓடிபி அவர் போனுக்குத்தானே வந்திருக்கணும்? மை ஆதார்ல ‘அங்கீகார வரலாறு’ பார்த்தா தெரிஞ்சிடும். ஆனா கடைசி 6 மாசம்தான் காட்டும்.

பீளமேட்டான்: 2024 மார்ச். பான் என்னுது. போன் நம்பர் வேற யாரோடது. முகவரி திருப்பூர்.

நெல்லைக் கணக்கர்: அப்போ வழி தெளிவா இருக்கு. ரிப்போர்ட்ல அந்த நம்பர், முகவரி பக்கத்துலயே எந்தத் தேதியில பதிவாச்சுன்னு இருக்கும். அது கடன் தேதியை ஒட்டி இருந்தா உங்களுக்குச் சாதகம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

சிபில் தளத்துல டிஸ்ப்யூட் (பதிவு தப்புன்னு ஆட்சேபம்) போடுறப்ப ‘நிலுவைத் தொகை தவறு’ன்னு போடாதீங்க. தொகையை மட்டும் சரிபார்த்து, சரிதான்னு மூடிடுவாங்க. ‘இந்தக் கணக்கு என்னுடையது இல்ல’ங்கிறதைத் தேர்வு பண்ணுங்க. சிபில் தானா எதையும் அழிக்காது, கடன் கொடுத்தவங்க ஒத்துக்கணும். அதனால அன்னைக்கே அந்த நிறுவனத்தோட குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்க. கேட்க வேண்டியது: கேஒய்சி (அடையாள ஆவணம்) நகல், செல்ஃபி, ஒப்பந்தம், முக்கியமா பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போச்சு, அந்தப் பணப் பரிமாற்றத்தோட அடையாள எண்ணான யூடிஆர் நம்பர் என்ன. அந்தக் கணக்கு உங்க பேர்ல இல்லைன்னா உங்க கைல இருக்கிறதுலயே வலுவான ஆதாரம் அதுதான்.

புகார் கொடுத்து 30 நாளுக்குள்ள முடிக்கணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வரணும். 2024 ஏப்ரல்லேர்ந்து ரிசர்வ் வங்கி விதி இது. அப்பவும் அசையலைன்னா ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) கிட்ட சிஎம்எஸ்ங்கிற புகார் தளத்துல போடலாம்.

தஞ்சை வாசகி: போலீஸ் புகாரையும் விட்டுடாதீங்க. சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுறது பணம் இப்பதான் போச்சுன்னா, நடுவழியில நிறுத்த. பழைய கடனுக்கு தேசிய சைபர் குற்றத் தளத்துல பதிஞ்சு, அந்த ஒப்புகை எண்ணை டிஸ்ப்யூட்லயும் மெயில்லயும் சேருங்க. ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடலைன்னா புகார் வாங்கினதுக்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கிடுங்க. வசூல் ஆள் போன் பண்ணி “பாதி கட்டுங்க, முடிச்சிடலாம்”னா ஒரு ரூபாய்கூடக் கட்டாதீங்க. கட்டினா கடன் உங்களுதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும், ரிப்போர்ட்லயும் ‘செட்டில்டு’ன்னு (முழுசாக் கட்டாம பேசி முடிச்சதுன்னு) நின்னுடும்.

ஜெராக்ஸ் கவனம்: பான் ஜெராக்ஸ் கடை வழியாவும் வெளிய போகலாம். வாட்ஸ்அப்ல ஃபைலை அனுப்புறோம், பிரிண்ட் எடுத்துட்டு வந்துடுறோம். அது அந்த கம்ப்யூட்டர் டவுன்லோட்ஸ்ல அப்படியே கிடக்கும். கண்ணெதிர அழிக்கச் சொல்லுங்க, ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. நகல் மேல படத்தைத் தொடுற மாதிரி குறுக்கே ‘சிம் வாங்க மட்டும்’, தேதி, கையெழுத்து போடுங்க. ஓரத்துல எழுதினா வெட்டிட்டு மறுபடி நகல் எடுத்துடுவாங்க.

ரேகைப்பூட்டு: அதுக்குத்தான் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் இருக்கே. நகலே கொடுக்காதீங்கன்னு ஆதார் ஆணையமே சொல்லுச்சு.

மூத்த உறுப்பினர்: 2022 மே 27ல பெங்களூரு மண்டல அலுவலகம் சொன்னது. ரெண்டே நாள்ல, 29ஆம் தேதி வாபஸ். பாதியை மட்டும் பரப்பாதீங்க.

ரேகைப்பூட்டு: அறிவிப்புதான் வாபஸ், மாஸ்க்டு ஆதார் இன்னும் செல்லும்.

ஜெராக்ஸ் கவனம்: செல்லும், ஆனா லாட்ஜ்ல முழு எண்தான் வேணும்னு நிக்கிறாங்க.

தஞ்சை வாசகி: ஆதாரே வேணாம், டிரைவிங் லைசென்ஸ் காட்டலாமே. சண்டையை விடுங்கப்பா, அவர் பிரச்சினை பான். பீளமேட்டான், சஞ்சார் சாத்தி தளத்துல உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னும் பாருங்க. தெரியாதது இருந்தா ‘என் நம்பர் இல்ல’ன்னு குறிச்சு அனுப்புங்க.

பீளமேட்டான்: மெயிலுக்குப் பதில் வந்துச்சு. பணம் போன அக்கவுண்ட் என்னுது இல்ல, செல்ஃபியும் வேற ஆள். டிஸ்ப்யூட் போட்டு 12 நாள். சிம் சரியா இருக்கு. நன்றி.

நெல்லைக் கணக்கர்: சிபில் மட்டும் போதாது. சிபில் மாதிரியே கடன் விவரம் வெச்சிருக்கிற எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூணுலயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். அங்கயும் இந்தக் கடன் ஏறியிருக்கா, பார்த்தீங்களா?