ஸ்காபரோவில் பழைய வீடு: பீலியை மாற்றுவதா, பரணைப் பார்ப்பதா?

மேப்பிள் நிழல்:

வணக்கம். ஸ்காபரோவில், லோரன்ஸ் வீதிக்குச் சற்று வடக்கே, 1958இல் கட்டிய ஒற்றை மாடிச் செங்கல் வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். முன்புறம் நகரசபையின் நோர்வே மேப்பிள் மரம். தெருவில் மற்ற மரங்களெல்லாம் மொட்டையான பிறகும் அது மஞ்சள் இலையோடு நிற்கும். நவம்பர் நடுவில்தான் ஒரேயடியாகக் கொட்டும்.

போன பெப்ரவரியில் வடக்குப் பக்கக் கூரையோரத்தில் என் கையளவு தடிப்பில் ஐஸ் தொங்கியது. அதே வாரம் அம்மாவின் படுக்கையறையில், ஜன்னலுக்கு மேலே உட்கூரையில் பழுப்புக் கறை படர்ந்தது. அந்தப் பக்கத்துப் பீலி, அதாவது கூரைநீரை ஏந்தி வடிக்கும் வாய்க்கால், நடுவில் தொய்ந்திருக்கிறது. அதிலிருந்து சொட்டும் நீர் பக்கவாசல் நடைபாதையில் உறைகிறது. குப்பைத்தொட்டி வரை போக அம்மா அந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார். எனக்கு அதுதான் பெரிய பயம். பனி உருகும் மார்ச்சில் நிலக்கீழ் அறையின் வடமேற்கு மூலை ஈரமாகிறது. அந்த மூலையில், பீலி நீரைக் கீழே கொண்டுவரும் இறங்கு குழாய் நேரே மண்ணுக்குள் போகிறது.

கதவைத் தட்டி வந்த ஒரு விற்பனையாளர், பீலி முழுவதையும் மாற்றி, இலைத்தடுப்பு வலை போட்டு, சூடேற்றும் மின்கம்பியும் ஓடவிட்டால் எல்லாம் தீரும், இன்றே ஒப்பந்தம் செய்தால் தள்ளுபடி என்றார். நான் கையெழுத்திடவில்லை. பனிக்காலத்துக்கு முன் எதை முதலில் செய்ய வேண்டும்?

பழைய கூரை:

தங்கச்சி, கையெழுத்திடாதது நல்லது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் கூரை வேலையும் பீலி வேலையும் செய்து வாழ்ந்தவன் நான். உங்கள் வீட்டைப் போன்ற பங்களோக்கள்தான் எனக்குச் சோறு போட்டன. நீங்கள் சொன்னவற்றில் நடைபாதை ஐஸும் நிலக்கீழ் அறை ஈரமும் பீலியால் வருபவை. தொங்கும் ஐஸும் உட்கூரைக் கறையும் பரணிலிருந்து, அதாவது உட்கூரைக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியிலிருந்து, வருபவை. எத்தனை ஆயிரம் டொலருக்குப் புதுப் பீலி போட்டாலும் அந்தக் கறை திரும்ப வரும்.

நடப்பது இதுதான். வீட்டின் சூடான காற்று, பரண் மூடியின் இடுக்கிலும் விளக்குத் துளைகளிலும் குளியலறை விசிறியைச் சுற்றியும் மேலே கசிகிறது. பரண் சூடாகிறது. வெளியே பத்துப் பாகை உறைகுளிர் இருந்தாலும் கூரைப் பலகையின் மேற்பகுதி பூச்சியத்தைத் தாண்டிவிடுகிறது. பனி அடியில் உருகி, கூரையை மூடியிருக்கும் ஷிங்கிள் வில்லைகள் மீது வழிந்து கீழே வருகிறது. கூரையோரம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அதற்குக் கீழே சூடு இல்லை. அங்கே நீர் உறைகிறது. உறைந்தது அணையாக உயர்கிறது. பின்னால் வரும் நீர் போக வழியின்றி ஷிங்கிளுக்கு அடியில் ஏறி, பலகை இடுக்கால் உங்கள் அம்மாவின் அறைக்குள் இறங்குகிறது. பீலியில் இலை நிறைந்திருந்தால் அணை சீக்கிரம் கட்டும், அவ்வளவுதான். சுத்தமான பீலி உள்ள வீட்டிலும் அணை கட்டும்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் தெருவில் நின்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் கூரைகள் வெள்ளையாக இருக்க, உங்களுடையது மட்டும் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால், அந்தத் திட்டுக்குக் கீழேதான் சூடு ஒழுகுகிறது.

இப்போது பீலி. அந்தக் காலத்து வீடுகளில் பீலியை நீண்ட ஆணியால், கூரை விளிம்பில் நிற்கும் முகப்புப் பலகையில் அடித்துவிடுவார்கள். உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, ஆணி தளர்ந்து வெளியே வரும். அதே துளையில் திரும்ப அடித்தால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. ஆணிகளைக் கழற்றிவிட்டு, பீலிக்குள் மறைந்து நிற்கும் திருகாணிக் கொக்கிகளைப் போடச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பனிக்கு 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்க வேண்டும். 24 அங்குல இடைவெளி போதும் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சரிவு 10 அடிக்குக் கால் அங்குலம். கொக்கி போடும் முன் ஒரு திருகாணி முடுக்கியால் முகப்புப் பலகையைக் குத்திப் பார்க்கட்டும். உள்ளே புதைந்தால் பலகை உக்கிவிட்டது, முதலில் அதை மாற்ற வேண்டும். பலகை நன்றாக இருந்து, பீலியில் ஓட்டையோ முறிவோ இல்லையென்றால், பழைய பீலியையே நிமிர்த்திக் கட்டலாம்.

மண்ணுக்குள் போகும் இறங்கு குழாயை விட்டுவைக்காதீர்கள். மழைநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டிப்பது ரொறன்ரோவில் கட்டாயம். அந்த விதி கட்டம் கட்டமாக வந்து 2016இல் நகரம் முழுவதற்கும் பொருந்திவிட்டது. ஆபத்து என்றோ, செய்ய இயலாது என்றோ காட்டினால் விலக்குக் கேட்கலாம். விதி ஒரு பக்கம் இருக்கட்டும். மண்ணுக்கடியில் இருப்பது பெரும்பாலும் பழைய களிமண் குழாய். மர வேர் புகுந்து உடைந்திருந்தால் கூரை நீர் முழுவதும் உங்கள் அத்திவாரத்தின் காலடியில் கொட்டும். கூரையின் ஒரு பக்கம் 60 சதுர மீற்றர் என்று வையுங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 2013 ஜூலை 8 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பெய்தது. உங்கள் கூரையின் அந்த ஒரு பக்கத்துக்கு 7,500 லீற்றருக்கு மேல். அதைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, சரிவான புல்தரைக்கு விட வேண்டும். நடைபாதையைக் கடந்து விடாதீர்கள். அயலவர் பக்கமும் திருப்பாதீர்கள்.

வலை பற்றி அவசரம் வேண்டாம். இந்த ஆண்டு மேப்பிள் கொட்டி முடித்தபின், நிரந்தர உறைகுளிர் தொடங்குமுன், ஒருமுறை முழுதாக அள்ளுங்கள். முன்கூட்டி ஒக்டோபரில் அள்ளினால் உங்கள் மரம் மறுபடி நிரப்பிவிடும். அள்ளும் சேற்றில் கறுப்பு மணல் போன்ற துகள் நிறைய இருந்தால் சொல்லுங்கள். அது ஷிங்கிளின் மேற்பூச்சு, கூரைக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

ஒட்டாவா வாசி:

வலை விஷயத்தில் என் அனுபவம்: எங்கள் வீட்டில் வெள்ளி மேப்பிள். அது இலையோடு நிற்பதில்லை, மே கடைசியிலும் ஜூனிலும் சிறகு விதைகளைக் கொட்டுகிறது. அகலத் துளை வலையில் விதை குத்திட்டு நின்று, அதன்மேல் தூசி படிந்து, முளைத்தே விட்டது. நுண்ணிய கம்பி வலைக்கு மாற்றிய பிறகு விதை உள்ளே போவதில்லை. ஆனால் மேலே ஒட்டுவதைத் துடைக்க இன்னும் ஏணி ஏறத்தான் வேண்டியிருக்கிறது. பராமரிப்பே தேவையில்லை என்று விற்பவரை நம்பாதீர்கள்.

மின்கம்பியை முழுக்க ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் பின்வாசல் கூரை மிகவும் தாழ்ந்தது, அதற்கு மேலே பரணே இல்லை. வெப்பக்காப்புப் போட இடமில்லை. அங்கே கம்பிதான் காப்பாற்றுகிறது.

பழைய கூரை:

ஒட்டாவா அண்ணர் சொல்வது சரி. பரண் இல்லாத இடத்துக்குக் கம்பி நியாயமானது. ஆனால் அது இறங்கு குழாயின் அடி வரை ஓட வேண்டும். பாதியில் நின்றால் மேலே உருகிய நீர் குழாய்க்குள் உறைந்து, குழாய் பிளந்துவிடும். தங்கச்சி வீட்டில் ஏறக்கூடிய பரண் இருக்கிறது. அங்கே கம்பி போடுவது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது.

மேப்பிள் நிழல்:

மிக்க நன்றி அண்ணா. மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். குளியலறை விசிறியின் நெளிகுழாய் வெளியே போகவில்லை, பரணுக்குள்ளேயே கிடக்கிறது. கூரைப் பலகையில் துருத்தும் ஆணி முனைகள் துருப்பிடித்திருக்கின்றன. ஓரங்களில் வெளிச்சமே தெரியவில்லை. வெளியே, கூரையோரத்தின் அடிப்பக்கத்தை மூடும் அலுமினியச் சொஃபிட்டில் துளைகள் இருக்கின்றனவே? வெப்பக்காப்புப் பஞ்சு மூன்று நான்கு அங்குலம்தான். அதற்கு அடியில் சாம்பலும் பொன்னிறமும் கலந்த, மினுமினுக்கும் பொடிக்கற்கள் பரவியிருக்கின்றன. அதைக் கூட்டி அள்ளிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

பழைய கூரை:

அள்ளாதீர்கள்! தயவு செய்து மூடியைச் சாத்திவிட்டு அங்கே யாரையும் ஏறவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் வெர்மிகியுலைற் போலத் தெரிகிறது, அது வெப்பக்காப்புக்குப் பரப்பிய ஒரு கனிமம். 1990 வரை கனடாவில் விற்ற வெர்மிகியுலைற்றில் பெரும்பகுதி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்தில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. கிளறாமல் இருக்கும்வரை அது வீட்டுக்குள் வராது. கிளறினால் தூசி பறந்து நுரையீரலுக்குப் போகும். தகுதியுள்ள ஒருவர் வந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் சோதிக்கட்டும். முடிவு வரும்வரை பரண் வேலை எதுவும் வேண்டாம். செலவும் தாமதமும் கூடும் என்று தெரியும். வயதான அம்மா இருக்கும் வீட்டில் இதில் சமரசம் கூடாது.

சோதனை முடிந்த பிறகு செய்ய வேண்டியதை இப்போதே சொல்கிறேன். விசிறிக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். துருவேறிய ஆணிகள் அந்த ஈரத்தின் சாட்சி. அடுத்து இடுக்குகளை அடைக்க வேண்டும். அதன் பிறகுதான் வெப்பக்காப்பு. ஒன்ராறியோவில் புதிய வீட்டுப் பரணுக்கு ஆர் 60 கேட்கிறார்கள் (ஆர் என்பது வெப்பம் கசியாமல் தடுக்கும் திறனின் அளவு). ஊதிப் போடும் செல்லுலோஸ் என்றால் 16, 17 அங்குலம் வரும். அடைக்காமல் பஞ்சை மட்டும் குவித்தால் காற்று அதனூடே ஏறிக்கொண்டேயிருக்கும்.

வெளிச்சம் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. துளையுள்ள அலுமினியத்தை பழைய பலகையின் மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். உள்ளே பலகையில் துளை வெட்டியிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் நான் கழற்றிய சொஃபிட்களில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வரும். பலகையை வெட்டிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். வெப்பக்காப்பு அந்த வழியை மூடாதபடி கூரைச் சட்டங்களுக்கிடையே காற்றுத் தடுக்குகள் வைக்க வேண்டும்.

இந்தக் குளிர்காலத்துக்குள் பரண் முடியாது போகலாம். அதனால் பீலியைச் சீர்செய்து, இறங்கு குழாயை வெளியே திருப்பிவிடுங்கள். பனி கனத்துப் பெய்தால், தரையில் நின்றபடியே நீண்ட கைப்பிடியுள்ள கூரை வாரியால் ஓரத்திலிருந்து மூன்று, நான்கு அடி உயரத்துக்கு இழுத்து இறக்குங்கள். ஐஸைச் சுத்தியலால் உடைக்காதீர்கள், ஷிங்கிள் போய்விடும். அணை கட்டிவிட்டால் மெல்லிய நீளக் காலுறையில் கல்சியம் குளோரைட் நிரப்பி, அணைக்குக் குறுக்காகக் கிடத்தச் சொல்லுங்கள். அது உருக்கும் பள்ளத்தால் நீர் இறங்கும். சாதாரண உப்பு கடுங்குளிரில் வேலை செய்யாது, அலுமினியத்தை அரிக்கும், கீழேயுள்ள செடியையும் கருக்கும்.

ஏணி வைக்கும் எவரும் முதலில் மின்சாரக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தைப் பார்க்கட்டும். ஒற்றை மாடி வீடுகளில் அது பீலிக்கு மிக அருகில் தொங்கும். அலுமினிய ஏணி அந்தப் பக்கம் போகவே கூடாது; கண்ணாடியிழை ஏணி எடுங்கள். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே கால் இருக்கட்டும், பீலியின் மேல் சாய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் தோட்டக் குழாயால் பீலியில் நீர் விட்டு எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். பிறகு அந்த வெளிக்குழாயின் அடைப்பானை நிலக்கீழ் அறையில் மூடி, மிச்ச நீரை வெளியே வடியவிடுங்கள். ஆய்வு முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.