மறுமொழி: ஷாக் வேவ் தெரபிக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

செ. எழுதியது:
விறைப்புக் குறைபாட்டுக்கான ஷாக் வேவ் பற்றி நோயாளிகளுக்கு ஒரு கையேடு. 'அதிர்ச்சி அலை சிகிச்சை' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த நர்ஸ், "கரண்டு வைப்பாங்களான்னு கேப்பாங்க சார்" என்று திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மரு. த.:
அவர் சொன்னது சரி. உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை, இது ஒலியலை. அழுத்தம் கண நேரத்தில் உச்சிக்கு ஏறி இறங்கும். 1980இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைத்ததும் இதே அலைதான். இங்கே அலையின் வலு மிகக் குறைவு. ஆண்குறியில் புது ரத்த நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுவதே நோக்கம். 2010இல் இஸ்ரேலின் ஹைஃபா நகர மருத்துவர்கள் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்புறம், 'ஆண்மைக்குறைவு' மட்டும் வேண்டாம். லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர் விளம்பரம் ஆகிவிடும்.

புலவர் ந.:
அதிர்ச்சியை இப்படி விரட்டலாமா? 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். வள்ளுவரும் 'அதிர வருவதோர் நோய்' என்றார். மருந்தும் அதிர வரட்டுமே. வினைத்தொகையாக 'அதிரலை' என்க. முக்காலமும் அடங்கும். 'விதிரலை' இன்னும் நயம். சிகிச்சை வடசொல், 'பண்டுவம்' இருக்கிறது.

ம. (இயற்பியல் ஆசிரியை):
ஐயா, அதிராத அலை எது? வைப்ரேஷனுக்கு அதிர்வு என்றுதான் வகுப்பில் சொல்லித் தருகிறோம். 'அழுத்த அலை' போதுமே. 'மோதலை' என்றும் யோசித்தேன், 'மோதலைத் தவிர்ப்போம்' என்று படிப்பார்கள்.

மரு. த.:
அழுத்த அலை ஆகாது, அம்மா. காற்றழுத்தத்தில் சிறு குண்டை மோதவிட்டு அலை எழுப்பும் ரேடியல் கருவிக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். அது உண்மையான ஷாக் வேவ் இல்லை. ஆனால் பல இடங்களில் ஷாக் வேவ் என்றே விற்கிறார்கள். கையேடு அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. பண்டுவமோ சிகிச்சையோ, அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018இல் இதை ஆய்வுநிலையில் உள்ளது என்றுதான் வகைப்படுத்தியது. அந்த வரி கட்டாயம் வர வேண்டும்.

செ.:
சரி. தலைப்பில் 'ஒலியலைச் சிகிச்சை (ஷாக் வேவ்)', அடுத்த வரியில் 'இது மின்சாரம் அல்ல', ஆய்வுநிலை பற்றித் தனிப் பத்தி. மூவர் சம்மதம் சொல்லிவிட்டார்கள், அனுப்புகிறேன்.

புலவர் ந.:
வயிற்று ஸ்கேனும் ஒலியலைதானே? என் வாக்கு அதிரலைக்கே. விதிரலையை யாரும் பேசவே இல்லை.